மாமனார் சேனலைக் கொஞ்சம் ஏத்துங்க

கிட்ட வாங்க, கண்ணுங்களா. அந்தத் தலையணையை இழுத்து முதுகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கதை உண்டு. ராஜாவும் இல்லை, பேயும் இல்லை. ஒரு மனுஷன் மேளச் சத்தத்தைப் பிரித்து வைக்கப் போய், வீட்டையே ஒரு பெரிய மேளமாக்கிவிட்ட கதை. நடுவில் சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். அடக்கின சிரிப்பும் அடக்கின தும்மலும் உடம்புக்கு ஆகாது.

அந்த மனுஷனுக்குத் தெருவில் சத்தக்காரர் என்று பெயர். பெயரைக் கேட்டுச் சண்டைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பேசினால் பூனைக்குட்டி பால் நக்குகிற மாதிரி இருக்கும். வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. டாக்டர் சீட்டில் என்ன எண்ணோ அதே எண்ணில் கண்ணாடி. வலதுக்கு வலது, இடதுக்கு இடது. எண்ணுக்கு எண் பொருந்திவிட்டால் உலகம் தெளிந்துவிடும் என்பதுதான் அவருடைய வேதம். இந்த வேதத்தை ஓர் ஓரமாக முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுதான் அவர் காலை வாரப் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவர் வேறு ஆள். வீட்டின் பின்பக்க அறையில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், இரண்டு ஸ்பீக்கர். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் போடுவார். சுவரெல்லாம் பழைய மெத்தை. கதவின் உள்பக்கத்திலும் மெத்தை. உள்ளே யானை பிளிறினாலும் வெளியே கேட்காது. வெளியே யானை பிளிறினாலும் உள்ளே கேட்காது. அதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

அவர் பெருமை அவர் மனைவிக்குக் கண்ணில் விழுந்த தூசி. அந்தம்மா திரைச்சீலையும் மெத்தை உறையும் தைத்துக் கொடுக்கிறவள். அறையைக் கணவர் பிடித்துக்கொண்டதால் தையல் மிஷின் நடைவழியில் நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதில் இடித்துக்கொள்வார்கள். புருஷன், பெண்டாட்டி, அவள் அப்பா, அவள் தம்பி என்று அந்த வீட்டில் இருந்த நாலு பேருக்கும் வலது முழங்காலில் ஒரே இடத்தில் காயம். கூட்டத்தில் தொலைந்து போனாலும் முழங்காலை வைத்தே ஒரே குடும்பம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

இப்படி இருக்கும்போதுதான் சத்தக்காரருக்கு முதல்முதலாக ஒரு நிஜமான வேலை வந்தது. சுவருக்குப் பழைய மெத்தை கொடுத்த அதே மெத்தைக்கடைக்காரர், தம்முடைய கடைக்கு ஒரு விளம்பரப் பாட்டு வேண்டும் என்று கேட்டார். செய்தி தெரிந்ததும் மனைவி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இந்த ஆள் பாட்டை எடுத்துக்கிட்டா ரூம் உங்களுக்கு. இனிமே அதைப் பத்தி வாயே திறக்கமாட்டேன். வேண்டாம்னு போயிட்டாருன்னா, மறுநாள் காலையில என் மிஷின் உள்ள போகும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

சத்தக்காரர் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட கையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மேளம் அடிக்க ஆள் வைக்கிற வசதி எல்லாம் அவருக்கு இல்லை. இப்போது அதற்கும் கம்ப்யூட்டரிலேயே வழி வந்துவிட்டதே. டிரம்ஸ் பிளக்-இன் என்று ஒன்று. பாட்டுப் பதிகிற மென்பொருளுக்குள் அதைச் செருகினால், திரையில் ஒரு முழு டிரம்ஸ் செட்டே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலால் மிதிக்கிற கிக், அது 'டம்' என்னும். நடுவில் இருக்கிற ஸ்நேர், அது 'டக்' என்னும். இரண்டு தட்டு சேர்ந்த ஹை-ஹேட், அது 'ட்ஸ் ட்ஸ்' என்று எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி. அப்புறம் பெரிய சிம்பல், அது அடித்தால் 'ஜாங்'. இத்தனையும் அடிக்க ஆளே வேண்டாம். சோறும் கேட்காது, சம்பளமும் கேட்காது.

ஞாயிறு காலையில் மெத்தைக்கடைக்காரர் வந்தார். பெரிய உடம்பு, மெல்லிய நடை. எங்கே உட்கார்ந்தாலும் முதலில் கட்டை விரலால் இருக்கையை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். சத்தக்காரரின் நாற்காலியை அமுக்கிப் பார்த்து, வருத்தமாக உட்கார்ந்தார். பாட்டைக் கேட்டார். குரல் நன்றாக இருக்கிறது என்றார், வார்த்தை நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் மேளத்தில்தான் அவருக்கு மனம் ஒட்டவில்லை.

"மெத்தைன்னா கீழ ஸ்பிரிங், நடுவுல பஞ்சு, மேல துணி," என்று விளக்கினார். "உங்க பாட்டுல ஸ்பிரிங் துணியைக் கிழிச்சுக்கிட்டு வெளிய வந்து குத்துது. அந்த 'ஜாங்' வரும்போதெல்லாம் தூங்கறவன் எழுந்து உட்கார்ந்துடுவான். அதைத் தள்ளி வைங்க. அந்த 'டம்' மட்டும் பக்கத்துல வரட்டும்."

கேட்டது நியாயம்தான். சத்தக்காரர் மிக்ஸரைத் திறந்தார். மிக்ஸர் என்பதும் திரைக்குள்ளேயே இருப்பதுதான்; ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சேனல், சேனலுக்கு ஒரு ஃபேடர், மேலே தள்ளினால் சத்தம் கூடும், கீழே இழுத்தால் குறையும். டிரம்ஸ் சேனலைக் கீழே இழுத்தார். 'ஜாங்' குறைந்தது. கூடவே 'டம்' குறைந்தது, 'டக்' குறைந்தது, எல்லாமே குறைந்தது. மேலே தள்ளினார். எல்லாமே ஒன்றாகக் கூவிக்கொண்டு வந்தன.

ஏன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். முழு டிரம்ஸ் செட்டும் ஒரே சேனல் வழியாக வந்துகொண்டிருந்தது. ஒரே போர்வைக்குள் ஒரு குடும்பமே படுத்திருந்தால் எப்படி? ஒருத்தர் காலை மூட இழுத்தால் இன்னொருத்தர் தலை வெளியே வரும். மெத்தைக்கடைக்காரர் பொறுமையான மனுஷர். சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் வருவதாகவும், அதற்குள் போர்வையைப் பிரித்து வைத்தால் எடுத்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் பழைய மாதிரியே விளம்பரத்தைச் சுவரில் எழுதிப் போட்டுக்கொள்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

நடைவழியில் மனைவி அளவெடுக்கிற டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றாள். கண் அறையின் வாசல் அகலத்தை அளந்தது.

சத்தக்காரர் ரேடியோ நிலையத்தில் வேலை பார்க்கிற சிநேகிதருக்குப் போன் போட்டார். சிநேகிதர் விவரமாகச் சொன்னார். பிளக்-இன்னுக்குள் ஒவ்வொரு மேளத்துக்குப் பக்கத்திலும் ஒரு குட்டிப் பெட்டி இருக்கும், அது எந்த வழியாக வெளியே போகிறது என்று அதில் எண் போட்டிருக்கும், எல்லாவற்றிலும் ஒரே எண் இருப்பதால்தான் இந்தக் கூத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடு, பிறகு மிக்ஸரில் ஒவ்வொன்றுக்கும் தனிச் சேனல் திற என்றார். அதற்குப் பிறகும் ஒன்று சொல்ல வந்தார். ஆனால் நம்மவருக்கு எண் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே உடம்பில் தெம்பு வந்துவிட்டது. புரிஞ்சுது, புரிஞ்சுது என்று போனை வைத்துவிட்டார். அரைகுறையாகப் புரிந்தவன்தான் கண்ணுங்களா, முழுசாகப் புரிந்த மாதிரி போனை வைப்பான்.

வேலையில் இறங்கினார். கிக்குக்கு மூன்று, ஸ்நேருக்கு நாலு, ஹை-ஹேட்டுக்கு ஐந்து, சிம்பலுக்கு ஆறு என்று எண் கொடுத்தார். 'திடுதிடு' என்று உருண்டு வருகிற, டாம் என்கிற மேளங்களையும் கிக்கோடு மூன்றிலேயே சேர்த்துவிட்டார். மிக்ஸரில் மூன்று, நாலு, ஐந்து, ஆறு என்று புதிய சேனல்கள் வந்து வரிசையாக நின்றன. இதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல முடியாது. இத்தோடு கையை எடுத்திருந்தால் கதையே இல்லை. நானும் உங்களைக் கூப்பிட்டிருக்கமாட்டேன்.

அந்தப் புதிய சேனல்களின் அடியில் இன்னொரு குட்டிப் பெட்டி இருந்தது. அதில் 'மாஸ்டர்' என்று எழுதியிருந்தது. பிரிந்து வருகிற ஆறெல்லாம் கடைசியில் மாஸ்டர் என்கிற கடலில்தான் சேரவேண்டும். சிநேகிதர் சொல்ல வந்ததும் அதுதான். ஆனால் சத்தக்காரர் கண்ணாடிக்கடைக் கண்ணால் பார்த்தார். எண் இருக்கவேண்டிய இடத்தில் பேர் இருந்தால் மனசு ஒப்புமா? மேலே மூன்று என்றால் கீழேயும் மூன்று. மேலே நாலு என்றால் கீழேயும் நாலு. நாலு சேனலிலும் மாஸ்டரை எடுத்துவிட்டு எண்ணுக்கு எண் பொருத்தினார். தள்ளி உட்கார்ந்து பார்த்தார். வலதுக்கு வலது, இடதுக்கு இடது. உலகம் தெளிவாக இருந்தது.

இந்தக் கீழே உள்ள எண்கள் எங்கே போகிறவை என்று கேளுங்கள். கம்ப்யூட்டரிலிருந்து ஸ்பீக்கருக்குச் சத்தம் கொண்டுபோக மேஜை மேல் ஓர் ஆடியோ பெட்டி இருக்கிறது. அதன் முதுகில் வரிசையாகத் துளைகள். ஒன்றும் இரண்டும் அறையில் இருந்த இரண்டு ஸ்பீக்கருக்கு. மீதித் துளைகள் சும்மா இருக்கிறதே என்று, அந்தப் பெட்டி வாங்கின புதிதில், நம்ம ஆள் உற்சாகம் தாங்காமல் வீடு முழுக்க ஒயர் இழுத்திருந்தார். மூன்று, மாமனார் கட்டிலுக்கு அடியில். அவர் பழைய பாட்டுக் கேட்க. நாலு, சமையலறை அலமாரிக்கு உள்ளே. காபி வேண்டும் என்று மைக்கில் சொல்ல. ஐந்து, குளியலறை ஜன்னலில். மச்சான் குளிக்கும்போது பாட்டுக் கேட்டே ஆகவேண்டும் என்று அடம் பிடித்ததால். ஆறு, வாசல் கதவுக்கு மேலே. உட்கார்ந்த இடத்திலிருந்தே 'யாரு?' என்று கேட்க. காபி விஷயத்தில் மனைவி ஒரு பார்வை பார்த்தாள். அன்றோடு அந்த ஏற்பாடு எல்லாம் படுத்துவிட்டது. ஆனால் ஸ்பீக்கரை யாரும் கழற்றவில்லை, சுவிட்சையும் யாரும் அணைக்கவில்லை. மனைவி அந்த ஒயரில் ஊக்கு மாட்டி வைத்திருந்தாள். எல்லாரும் மறந்தே போனார்கள்.

சத்தக்காரர் பாட்டை ஓடவிட்டார்.

அறையில் குரல் வந்தது. வயலின் வந்தது. மேளம் மட்டும் வரவில்லை. திரையில் சேனல்களின் பச்சை விளக்கு துள்ளித் துள்ளி ஆடுகிறது. காதில் ஒன்றும் விழவில்லை. ஃபேடரை மேலே தள்ளினார். விளக்கு மஞ்சளானது. இன்னும் தள்ளினார். சிவப்பானது. காதுக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். நிறுத்தினார். திரும்ப ஓட்டினார். நிறுத்தினார். அவருடைய நெற்றியில் வேர்வை, முதுகுக்குப் பின்னால் அளவெடுக்கிற டேப்பின் நினைப்பு.

வெளியே வீட்டில் நடந்ததை அவர் பிறகுதான் ஒவ்வொருத்தர் வாயிலிருந்தும் கேட்டுத் தெரிந்துகொண்டார். நாம் காத்திருக்க வேண்டாம்.

மாமனார் லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க மேலே கீழே போய் வந்ததால், தம்முடைய நெஞ்சும் எந்த மாடியில் நின்றுவிடுமோ என்று அவருக்கு ஒரு பயம். ஒரு கை எப்போதும் இன்னொரு கையின் நாடியைப் பிடித்துக்கொண்டே இருக்கும். காதும் கொஞ்சம் மந்தம். அன்றைக்குப் படுத்திருந்தவருக்குத் திடீரென்று கட்டிலோடு சேர்த்து முதுகில் 'டம்... டம்... டம்...' என்று கேட்டது. எழுந்து உட்கார்ந்தார். இத்தனை வருஷமாகத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்த நெஞ்சுத் துடிப்பு, இப்போது காது கேளாதவருக்கும் கேட்கிற மாதிரி அடிக்கிறது. முகமெல்லாம் பூரித்துப் போனார். உடனே உள்ளே சத்தக்காரர் பாட்டை நிறுத்தினார். 'டம்' நின்றது. மாமனார் மெல்லப் படுத்தார், கையை நெஞ்சின் மேல் கட்டினார், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடினார். மகளைக் கூப்பிட்டுத் தாம் போய்விட்டதாகச் சொன்னார். அவள் சமையலறையிலிருந்து, போறதுன்னா போர்வையை மடிச்சு வெச்சுட்டுப் போங்கப்பா என்றாள். பாட்டு திரும்ப ஓடியது. 'டம்.' மாமனார் கண்ணைத் திறந்து, வந்துட்டேம்மா என்றார். இப்படியே அவர் போவதும் வருவதுமாக இருந்தார். பாட்டின் கடைசியில் டாம் மேளங்கள் உருண்டபோதுதான், நெஞ்சு மாடிப்படியில் உருண்டு விழுகிறது என்று எழுந்தேவிட்டார்.

மகளுக்கு அப்பாவைக் கவனிக்க நேரம் இல்லை. அவளுக்குச் சமையலறை அலமாரியில் எலி. 'டக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு 'டக்'. இவ்வளவு ஒழுங்காகத் தாளம் பிசகாமல் கொறிக்கிற எலியை அவள் பார்த்ததே இல்லை. இரும்புக் கரண்டியை எடுத்து அலமாரிக் கதவில் ஒரு போடு போட்டாள். எலி அடங்கவில்லை. அவள் அடித்தால் அது பதில் அடிக்கிறது. அது அடித்தால் இவள் பதில் அடிக்கிறாள். முழங்கால் காயம், நடைவழி மிஷின், மெத்தை ஒட்டின அறை, எல்லாம் சேர்ந்து கரண்டியில் இறங்கிக்கொண்டிருந்தது.

மச்சான் குளியலறையில். அவளுடைய தம்பி, கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவன். வாரம் முழுக்கப் புதுசாக ஓட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்துக் கால் மரத்துப் போயிருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போனால் தண்ணீர் தீர்ந்தால்தான் வெளியே வருவான். அன்றைக்கு ஜன்னலிலிருந்து 'ட்ஸ் ட்ஸ் ட்ஸ்' என்று விடாமல் யாரோ அதட்டினார்கள். அக்காதான் சீக்கிரம் வா என்கிறாள் என்று நினைத்தான். இதோ வந்துட்டேன்க்கா என்றான். 'ட்ஸ் ட்ஸ்.' சோப்பு மட்டும் கழுவிக்கிறேன்க்கா. 'ட்ஸ் ட்ஸ் ட்ஸ்.' பயந்து போய், காதில் நுரையோடு துண்டைச் சுற்றிக்கொண்டான். அந்த வீட்டின் சரித்திரத்திலேயே அவன் தண்ணீர் மிச்சம் வைத்தது அன்றைக்குத்தான்.

இந்த நேரத்தில்தான் மெத்தைக்கடைக்காரர் வாசலுக்கு வந்து அழைப்பு மணியில் விரலை வைத்தார். அந்த மணி செத்துப் பல காலம். ஆனால் அவர் விரல் வைத்த நொடியில் தலைக்கு மேல் 'ஜாங்' என்று விழுந்தது. அவர் பாதி செருப்பு கழன்ற நிலையில் பின்னால் நகர்ந்தார். மறுபடி அமுக்கிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. மணிக்கும் மூச்சு வாங்க நேரம் வேண்டும்போல என்று மரியாதையாகக் காத்திருந்தார். மனைவி கரண்டியும் கையுமாக வந்து கதவைத் திறந்தாள்.

"உங்க காலிங் பெல்லு கொஞ்சம் வேகமா இருக்குங்க," என்றார் அவர்.

அவள் அவரைக் கூடத்து நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு எலி காத்துக்கிட்டு இருக்கு, இதோ வந்துடறேன் என்று உள்ளே போனாள். அவர் இருக்கையைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். அது அவள் கையால் தைத்த மெத்தை. முகம் மலர்ந்து உட்கார்ந்தார். சாப்பிட்ட வயிறு, சாயங்கால வெயில், நல்ல மெத்தை. பக்கத்து அறையிலிருந்து 'டம்', சமையலறையிலிருந்து 'டக்', தூரத்தில் குளியலறையிலிருந்து 'ட்ஸ்', சாத்தின கதவுக்கு வெளியே எங்கேயோ ஒரு 'ஜாங்'. நடுவில் ஒரு கரண்டி. மனுஷர் தலை மெல்லச் சாய்ந்தது.

அறைக்குள் சத்தக்காரருக்குத் தைரியம் முழுக்கக் கரைந்துவிட்டது. மறுபடி ஓடவிட்ட பாட்டை ஓடவிட்டபடியே, தோற்றுவிட்டதை மனைவியிடம் தாமே சொல்லிவிடலாம் என்று எழுந்து, மெத்தை ஒட்டின கதவைத் திறந்தார்.

திறந்ததும் மேளம் கேட்டது. வீடே அடித்துக்கொண்டிருந்தது. நடைவழியில் மிஷினைத் தாண்டினார், வழக்கம்போல் இடித்துக்கொண்டார், வழக்கத்துக்கு மாறாக வலிக்கவில்லை. கூடத்தில் பார்த்தால், மெத்தைக்கடைக்காரர் உட்கார்ந்தபடியே குறட்டை. மாமனார் நாடியைப் பிடித்துக்கொண்டு 'டம்'முக்கு ஒரு அடியாக நடை பழகுகிறார். மச்சான் துண்டோடு நுரையோடு நின்று, யாருமே கூப்பிடவில்லையா என்று விழிக்கிறான். சமையலறையில் மனைவி கரண்டியை ஓங்கியபடி.

சத்தக்காரர் அப்படியே நின்றார். மூன்று, நாலு, ஐந்து, ஆறு. மாமனார், சமையலறை, குளியலறை, வாசல். எண்ணுக்கு எண் பொருந்தித்தான் இருந்தது. பாய்ந்து உள்ளே போய்ப் பாட்டை நிறுத்தினார்.

மாமனார் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்து, இந்தத் தடவை நிஜமாவே போயிட்டேன் என்று அறிவித்தார். மெத்தைக்கடைக்காரர் கண்ணைத் திறந்தார்.

"ஏங்க நிறுத்திட்டீங்க? இப்பத்தானே கண்ணு சொக்குச்சு."

மெத்தைக்கடைக்காரரே பேசினார். காலையில் கேட்டது வேறு, இது வேறு என்றார். ஸ்பிரிங் இருக்கவேண்டிய இடத்தில் ஸ்பிரிங், பஞ்சு இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சு. அந்த 'ஜாங்' மட்டும் மரியாதை தெரிந்து கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டதே, அதுதான் ரொம்பப் பிடித்தது என்றார். ஒவ்வொரு சத்தத்தையும் ஒவ்வொரு அறையில் வைத்துக் காட்டலாம் என்று எப்படித் தோன்றியது என்றும் கேட்டார்.

சத்தக்காரர் பொய் சொல்லத் தெரியாதவர். "அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

மனைவிக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. அலமாரியைத் திறந்து ஸ்பீக்கரையும் பார்த்துவிட்டாள். அவள் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தால் போதும், கணவர் உளறி வைப்பார், பாட்டு கைவிட்டுப் போகும், அறை அவளுக்கு. அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்கடையில் கண்ணாடியைத் தவறவிட்டவர் மாதிரி நின்றார்.

"ரொம்ப நாளா யோசிச்சு வெச்சதுங்க," என்றாள். "அதுக்குத்தான் வீடு பூரா ஒயர் இழுத்தாரு."

பாருங்கள், அறையைத் தன் கையாலேயே தூக்கிக் கொடுத்துவிட்டாள். சத்தக்காரருக்குக் கண் கலங்கியது. மெத்தைக்கடைக்காரர் பாட்டை எடுத்துக்கொள்வதாகச் சொல்லி எழுந்தார். எழுந்தவர் ஒரு விஷயம் கேட்டார்.

"நடுவுல ஒரு கரண்டிச் சத்தம் வந்துச்சே. அது எந்த சேனல்?"

அது சேனல் இல்லை என்று விளக்கவேண்டி வந்தது. அவர் கேட்பதாக இல்லை. கரண்டி இல்லாவிட்டால் பாட்டு வேண்டாம் என்றுவிட்டார். சரி, கரண்டிதானே என்று சத்தக்காரர் ஓர் அடி அடித்தார். மெத்தைக்கடைக்காரர் இது இல்லை என்று தலையை ஆட்டினார். மச்சான் அடித்தான், அதற்கும் தலையை ஆட்டினார். மாமனார் எழுந்து வந்து அடித்துவிட்டு உடனே நாடியைப் பார்த்துக்கொண்டார். அதுவும் இல்லை.

"அதுல ஒரு எரிச்சல் இருந்துச்சு," என்றார் மெத்தைக்கடைக்காரர். "அந்த எரிச்சல் அடங்கினதும் ஒரு அமைதி வந்துச்சு பாருங்க, அங்கதான் நான் தூங்கிட்டேன். நான் விக்கிறதே அந்த அமைதியைத்தானேங்க."

எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. அவள் கரண்டியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள், அவசரமே இல்லாமல்.

"அடிக்கலாம். ஆனா அந்த எரிச்சல் நடைவழியில வளர்ந்த எரிச்சல். சும்மா எடுத்துக் கொடுக்க முடியாது." கணவரைப் பார்த்தாள். "ரூம் என் மிஷினுக்கு. சம்மதமா?"

சத்தக்காரர் யோசித்தார். அறையைக் காப்பாற்ற இந்தப் பாட்டு வேண்டும். இந்தப் பாட்டைக் காப்பாற்ற அறையைக் கொடுக்க வேண்டும். முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும். ஆனால் இன்னொன்றும் தோன்றியது. நாள் பூரா அந்த அறையில் உட்கார்ந்தார், ஒரு மேளம் காதில் விழவில்லை. கூடத்தில் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில்தான் எது எங்கே நிற்கவேண்டும் என்று முதல்முதலாகக் காது கண்டுகொண்டது. சம்மதம் என்றார். அவருக்கே ஆச்சரியம், வலிக்கவில்லை.

மைக்கைச் சமையலறைக்குக் கொண்டுவந்து அலமாரி முன்னால் நிறுத்தினார்கள். அவள் கரண்டியை ஓங்கினாள். ஓங்கியவள் இறக்கிவிட்டாள். அறை கிடைத்த சந்தோஷத்தில் எரிச்சல் வரவில்லையாம். எல்லாரும் கையைப் பிசைந்தார்கள். மெத்தைக்கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். சத்தக்காரர் மென்மையாக, பூனைக்குட்டிக் குரலில் கேட்டார்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு காபி கிடைக்குமா?"

விழுந்தது பாருங்கள் ஓர் அடி. அலமாரிக் கதவில் இன்றைக்கும் அந்தப் பள்ளம் இருக்கிறது. மெத்தைக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, இதுதான் என்றார். ஒரே அடியில் பதிவு முடிந்தது. பதிவு முடிந்த பிறகு காபியும் வந்தது, எல்லாருக்கும்.

மறுநாள் காலையில் மச்சானும் மாமனாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து மிஷினை அறைக்குள் கொண்டுபோனார்கள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு மிதித்தால், மெத்தைச் சுவரைத் தாண்டி ஓர் ஓசை வராது. கம்ப்யூட்டர் கூடத்துக்கு வந்தது. சத்தக்காரர் சேனல்களின் அடியில் எண்ணை எல்லாம் எடுத்துவிட்டு மறுபடி மாஸ்டர் என்று வைத்தார். பிரிந்தது எல்லாம் கடைசியில் ஒன்றாகச் சேர்ந்தது. எண்ணைப் பார்த்தாலே பழையபடி கை துறுதுறுக்கும் என்பதால், சேனலுக்கு எண்ணே வேண்டாம் என்று பெயர் எழுதினார். கிக்குக்கு மாமனார். ஸ்நேருக்குச் சமையலறை. ஹை-ஹேட்டுக்கு மச்சான். சிம்பலுக்கு வாசல். ஓரமாக, தனியாக, யாரும் தொடாத ஒரு சேனல். அதற்கு அம்மணி என்று பெயர்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் பாட்டுக் கேட்க வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டால் வாசலில் போகிறவர்களுக்குத் தலை சுற்றும். மாமனாரைக் கொஞ்சம் ஏத்துங்க என்பார்கள். மச்சான் ரொம்ப இரைகிறான், குறைங்க என்பார்கள். வாசலை உள்ளே விடாதீங்க என்பார்கள். மாமனாருக்கு இதில் பரம திருப்தி. தினமும் காலையில் எழுந்ததும் நாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நேராக வந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, தம்முடைய சேனலில் பச்சை விளக்கு துள்ளுகிறதா என்று பார்த்துவிட்டு, "இன்னைக்கும் இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போவார்.

நடைவழி காலியாகிவிட்டது. முழங்கால் காயங்கள் எல்லாம் ஆறிவிட்டன. இப்போது அந்த நாலு பேரும் கூட்டத்தில் தொலைந்தால் கண்டுபிடிக்க வேறு அடையாளம்தான் தேட வேண்டும்.

சரி, கண்ணுங்களா, தூக்கம் வருகிறவர்கள் தூங்குங்கள். உங்கள் வீட்டில் அவரவர் சத்தம் அவரவர் வழியில் தாராளமாக வரட்டும். ஒருத்தர் குரலைக் குறைக்க இன்னொருத்தர் வாயை மூடவேண்டிய நிலை வராமல் இருக்கட்டும். பெரியவர்கள் நெஞ்சு தாளம் தப்பாமல் அடிக்கட்டும். கதவுக்கு வெளியே நிற்க வேண்டியது வெளியிலேயே நிற்கட்டும். கரண்டிக்கு எப்போதாவது கோபம் வந்தாலும், அந்தக் கோபத்துக்குப் பின்னால் வருகிற அமைதியில் வீடு மொத்தமும், படுத்த உடனே, நன்றாக உறங்கட்டும்.